எத்தனை எம்பி? சிறு வீடியோ கேம்களும் பதிவிறக்க அளவும்



வீடியோ கேம் உருவாக்குவோர் கூடும் இடங்களில் கதையைப் பற்றிப் பேசுகிறோம், ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம், இசை, நிரல், விற்பனை என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். விளையாட்டு மொத்தம் எத்தனை எம்பி என்ற பேச்சு மட்டும் கடைசியில்தான் வருகிறது. எல்லா வேலையும் முடிந்து, பில்ட் எடுத்து, ஸ்டீமிலோ இட்ச் தளத்திலோ பிளே ஸ்டோரிலோ ஏற்றும் அன்றைக்குத்தான் அந்த எண் நம் கண்ணில் படுகிறது. நாலு ஜிபி, ஆறு ஜிபி என்று காட்டும். வெளியீட்டுத் தேதியை அறிவித்தாகிவிட்டது, இனி கை வைக்க நேரமில்லை, போகட்டும் என்று ஏற்றிவிடுகிறோம்.

அந்த எண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். உங்கள் விளையாட்டை யாரால் ஆட முடியும், யாரால் முடியாது என்று தீர்மானிப்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அவ்வளவு முக்கியமான ஒன்றைக் கடைசி நாளின் போக்குக்கு விட்டுவிடக் கூடாது. வேலை தொடங்கும் நாளிலேயே அதை நாம் முடிவு செய்ய வேண்டும். இன்றைய என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் நூறு ஜிபியைத் தாண்டுகின்றன. அவற்றை இறக்குவதற்கும் ஆட்கள் ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு, விளம்பரத்தைப் பார்த்து, வாங்குவது என்று முடிவு செய்த பிறகு வருகிறவர்கள் அவர்கள். தனி ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்கிற விளையாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் பெயர் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் ஒரு படத்தைப் பார்க்கிறார், இரண்டு வரி படிக்கிறார், சரி, முயன்று பார்ப்போம் என்று நினைக்கிறார். அந்த நினைப்புக்கு ஆயுள் குறைவு. அது கலைவதற்குள் விளையாட்டு அவர் திரையில் ஓடியாக வேண்டும்.

இதை முன்னோடிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டை வெளியிட்டபோது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் அதன் முதல் பாகத்தை இலவசமாக ஏற்றிவைத்தது. ஆடிப் பார்த்துப் பிடித்தவர்கள் பணம் கட்டி மீதிப் பாகங்களை வாங்கிக்கொள்ளலாம். ஷேர்வேர் என்று அந்த முறைக்குப் பெயர். அது டயல்-அப் மோடம் காலம். முதல் பாகம் சில எம்பிக்குள் அடங்கியிருந்ததால் அந்த இணைப்பிலும் இறக்க முடிந்தது. இறக்கியவர் பிளாப்பியில் நகல் எடுத்து நண்பருக்குக் கொடுக்கவும் முடிந்தது. விளையாட்டு கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போனதில் அதன் தரத்துக்கு எவ்வளவு பங்கோ, அதன் அளவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பிறகு வந்த காலத்தில் கடைக்காரர்களே அளவுக்கு வரம்பு விதித்தார்கள். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, அதன் லைவ் ஆர்கேட் கடையில் ஒரு விளையாட்டு 50 எம்பியைத் தாண்டக் கூடாது. ஹார்டு டிஸ்க் இல்லாத மாடலை வாங்கியவர்களிடம் 64 எம்பி மெமரி கார்டு மட்டுமே இருந்தது. அதில் அடங்க வேண்டும் என்பதே காரணம். 2007-இல் அந்த வரம்பு 150 எம்பி ஆனது. பிறகு படிப்படியாகத் தளர்ந்து 2 ஜிபி வரை போனது. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான வீவேர் கடையில் வரம்பு இன்னும் கடுமையாக இருந்தது: 40 எம்பி.

அந்த 40 எம்பிக்குள் நடந்த இரண்டு கதைகளைக் கேளுங்கள். 2008-இல் கைல் கேப்லர், ரான் கார்மெல் என்ற இருவர் தொடங்கிய 2டி பாய் நிறுவனம் 'வேர்ல்ட் ஆஃப் கூ' விளையாட்டை வீவேரில் வெளியிட்டது. ஓவியம், இசை, புதிர்கள் எல்லாம் சேர்த்து அந்த எல்லைக்குள் அடக்கினார்கள். அது பெரும் வெற்றி பெற்றது. 2010-இல் எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபனஸ் இருவரும் 'சூப்பர் மீட் பாய்' விளையாட்டைச் செய்தார்கள். அதுவும் வீவேரில் வரும் என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஆனால் விளையாட்டு வளர்ந்துவிட்டது. 40 எம்பிக்குள் திணித்தால் விளையாட்டே சிதைந்துவிடும் என்ற நிலையில் வீவேர் பதிப்பைக் கைவிட்டார்கள். மற்றத் தளங்களில் அந்த விளையாட்டு புகழ்பெற்றது. ஆனால் அதற்காகக் காத்திருந்த வீ வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டுமே அருமையான படைப்புகள். ஒன்று எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது, மற்றொன்று ஒரு சாராரிடம் போய்ச் சேரவில்லை. நடுவில் நின்றது ஓர் எண்.

இன்று கணினி விளையாட்டுகளில் அப்படி யாரும் நம்மைத் தடுப்பதில்லை. ஸ்டீமில் பத்து ஜிபி ஏற்றினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. கடைக்காரர் விதித்த வரம்பு அங்கே போய்விட்டது; ஆடுபவரின் வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் ப்ரீபெய்டு திட்டங்களில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி டேட்டா. அது தீர்ந்தால் வேகம் படுத்துவிடும். போனை ஹாட்ஸ்பாட் ஆக்கி லேப்டாப்பில் விளையாட்டை இறக்குகிற கல்லூரி மாணவரை நினைத்துப் பாருங்கள். உங்கள் விளையாட்டு 4 ஜிபி என்றால், 1.5 ஜிபி திட்டத்தில் அவருக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் டேட்டா அதற்கே போய்விடும். அந்த மூன்று நாளும் அவர் வேறு எதையும் பெரிதாகப் பார்க்க முடியாது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தாலும், நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு ஜிபி இறங்கக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆகும். 4 ஜிபிக்கு ஒரு மணி நேரம். வேகம் 2 மெகாபிட்டாகக் குறைந்தால் ஒரு ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல்.

போன் விளையாட்டுகளில் இதன் விளைவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கூகுள் பிளே 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, செயலியின் அளவு 6 எம்பி கூடும்போதெல்லாம் அதை நிறுவுவோர் விகிதம் 1 சதவீதம் குறைகிறது. வளரும் நாடுகளில் அளவின் தாக்கம் இன்னும் அதிகம். ஐஃபோனிலும் 200 எம்பிக்கு மேற்பட்ட செயலியை மொபைல் டேட்டாவில் இறக்கப் போனால், இறக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று பதில் சொல்கிறவர் நம் விளையாட்டை வெறுத்துப் போகவில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மோசமான விமர்சனமாவது வந்து சேரும், அதைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். பாதியில் நிறுத்தப்பட்ட பதிவிறக்கத்திலிருந்து ஒரு கடிதமும் வருவதில்லை.

சரி, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? நிரலில் இருக்கும் என்றுதான் புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எழுதிய நிரல் பெரும்பாலும் சில எம்பிதான். எடை முழுவதும் ஒலியிலும் படத்திலும் காணொளியிலும் இருக்கிறது.

ஒலியை முதலில் பார்ப்போம். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 2 பைட். இடம், வலம் என இரண்டு தடம். ஒரு நிமிடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 10 எம்பி வருகிறது. அரை மணி நேர இசைக்கு 300 எம்பி. அதே இசையை ஆக் வார்பிஸ் வடிவில், நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் நிமிடத்துக்கு ஒரு எம்பிதான். அரை மணி நேரம் 30 எம்பிக்குள் அடங்கிவிடும். சாதாரண ஹெட்போனில் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. காலடிச் சத்தமும் கதவு திறக்கும் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பதை விளையாட்டு என்ஜினே கணக்கிட்டுக்கொள்ளும். அவற்றை ஸ்டீரியோவாக வைப்பதில் பயனில்லை. ஒற்றைத் தடமாக மாற்றினாலே பாதி குறைந்துவிடும்.

அடுத்தது படம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கோப்புறையில் பார்த்தால் ஒரு ஜேபெக் படம் 300 கேபி என்று காட்டும். அது அப்படியே விளையாட்டுக்குள் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். என்ஜின் அதை விரித்து, கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றித்தான் வைக்கிறது. 4096-க்கு 4096 அளவுள்ள படம் சுருக்கப்படாமல் இருந்தால் 64 எம்பி. பிசி7 போன்ற டெக்ஸ்சர் சுருக்கத்தில் 16 எம்பி. அதையே 2048-க்கு 2048 ஆக்கிச் சுருக்கினால் 4 எம்பி. திரையில் உள்ளங்கை அளவுக்குக்கூடத் தெரியாத ஒரு பீப்பாய்க்கு 4096 படம் எதற்கு? ஆசெட் கடையில் வாங்கிய பொருள் அந்த அளவில் வந்தது, நாம் மாற்றவில்லை. காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டுகிறேன். யூனிட்டி என்ஜினில் ஒரு பின்னணிப் படத்தைச் சேர்க்கிறீர்கள்; அதன் அளவு 1022-க்கு 766. கணினி விளையாட்டுகளில் வழக்கமாகப் பயன்படும் டெக்ஸ்சர் சுருக்கங்கள் படத்தை நாலுக்கு நாலு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்யும். 1022 நாலால் வகுபடாது, 766-உம் வகுபடாது. ஆகவே அந்தப் படம் சுருக்கப்படாமலே போய் 3.1 எம்பி பிடித்துக்கொள்கிறது. ஓவியரிடம் சொல்லி அகலத்திலும் உயரத்திலும் இரண்டிரண்டு புள்ளி கூட்டி 1024-க்கு 768 ஆக்கினால் 0.8 எம்பி. படம் பெரிதானது, எடை நாலில் ஒரு பங்கானது. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இப்படி இருநூறு படங்கள் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆய்வுப் பலகத்தின் அடியில் அதன் வடிவமும் அளவும் சிறிய எழுத்தில் காட்டப்படும். அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்.

எழுத்துருவும் எடைதான். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கான எழுத்துருக்களில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. ஒரே எழுத்துரு 10 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். விளையாட்டில் உண்மையில் வருகிற எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்தால் பெருமளவு மிச்சம். தமிழுக்கு அந்தச் சிக்கலே இல்லை; நல்ல தமிழ் எழுத்துரு சில நூறு கேபிதான். தமிழைச் சேர்த்தால் விளையாட்டின் அளவு கூடிவிடும் என்று யாராவது சாக்குச் சொன்னால், அது செல்லாது.

அதன் பிறகு, விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் கூடவே கிளம்பி வருகிறவை. யூனிட்டியில் பில்ட் எடுத்தால் வெளிவரும் கோப்புறைகளில் சில பிழைதிருத்தத் தகவலுக்கானவை. 'டூ நாட் ஷிப்', அதாவது இதை அனுப்பாதே என்று, கோப்புறையின் பெயரிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதையும் சேர்த்து ஜிப் செய்து உலகத்துக்கு அனுப்பிவிடுகிறோம். 'ரிசோர்சஸ்' என்ற கோப்புறைக்குள் போட்ட எதுவும், விளையாட்டில் பயன்படுகிறதோ இல்லையோ, பில்டுக்குள் போய்விடும். கோடோ என்ஜினில் ஏற்றுமதி அமைப்பை மாற்றாமல் விட்டால் திட்டத்தில் உள்ள எல்லா வளங்களும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு முன் கைவிட்ட கதாபாத்திரத்தின் படங்களும் அதில் இருக்கும். முன்மாதிரி செய்தபோது போட்டுப் பார்த்த பாட்டு, பயன்படாத மூன்று வானப் படங்கள், இரண்டு பெயரில் இருக்கும் ஒரே கோப்பு. இவற்றை நீக்குவதால் விளையாட்டின் தரம் ஒரு துளியும் குறையாது. ஆகவே முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. யூனிட்டியில் பில்ட் முடிந்ததும் எடிட்டர் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். படங்கள் இத்தனை எம்பி, ஒலி இத்தனை எம்பி, ஷேடர் இத்தனை என்று பிரித்து எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு கோப்பும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருக்கும். அந்தப் பட்டியலின் முதல் இருபது வரியைப் படித்தால் போதும், பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். அன்ரியல் என்ஜினில் 'சைஸ் மேப்' என்ற காட்சிப்படம் அதே வேலையைச் செய்கிறது. அளந்து பார்க்காமல் எதையும் வெட்ட வேண்டாம், எதையும் காப்பாற்றவும் வேண்டாம்.

அளப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு பெரிய விளையாட்டுகளைச் சொல்கிறேன். 2014-இல் வந்த 'டைட்டன்ஃபால்' கணினிப் பதிப்பு 48 ஜிபி பிடித்தது. அதில் 35 ஜிபி சுருக்கப்படாத ஒலி. கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். ஆனால் அதைச் செய்தவர்களிடம் ஒரு காரணம் இருந்தது: இரண்டு கோர் மட்டும் உள்ள பழைய பிராசசர்களில் ஒலியை விரிக்கும் வேலையும் சேர்ந்தால் விளையாட்டு திக்கும். அவர்கள் டிஸ்க் இடத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கினார்கள். அந்த முடிவோடு நீங்கள் உடன்படலாம், மறுக்கலாம். எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம் செய்த 'ஹெல்டைவர்ஸ் 2'. அதன் கணினிப் பதிப்பு வளர்ந்து வளர்ந்து 150 ஜிபியைத் தாண்டியது. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஊசி அங்குமிங்கும் அலைந்து தேடாமல் ஒரே ஓட்டத்தில் படிக்கட்டும் என்று, ஒரே தரவைப் பல இடங்களில் நகல் வைத்திருந்தார்கள். நகல்களை எடுத்துவிட்டால் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு விளையாட்டு ஏற மிக நீண்ட நேரம் ஆகும் என்பது அவர்களுடைய அச்சம். 2025-இன் இறுதியில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். விளையாட்டுக் களத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலைதான் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது, நகல்களால் கிடைத்தது சில நொடிகளே என்று தெரியவந்தது. நிக்ஸெஸ் நிறுவனத்தின் உதவியுடன் நகல்களை நீக்கினார்கள். 154 ஜிபி 23 ஜிபி ஆனது. ஒரு படமும் மங்கவில்லை, ஒரு சத்தமும் குறையவில்லை. அத்தனை லட்சம் பேருடைய டிஸ்க்கை அத்தனை காலம் அடைத்துக்கொண்டிருந்தது, யாரும் சோதித்துப் பார்த்திராத ஓர் அனுமானம். அதை வெளிப்படையாகச் சொல்லித் திருத்திக்கொண்ட அந்த நிறுவனத்தின் நேர்மையைப் பாராட்டுகிறேன். நாம் கற்க வேண்டிய பாடமும் அதில் இருக்கிறது.

இதுவரை முதல் பதிவிறக்கத்தைப் பற்றிப் பேசினேன். அப்டேட் என்று ஒன்று இருக்கிறது. அது அடிக்கடி வருவதால் அதைப் பற்றி இன்னும் கவலைப்பட வேண்டும். வெளியீட்டு வாரத்தில் ஒரு சிறு விளையாட்டுக்கு நாலைந்து திருத்தங்கள் வருவது சகஜம். ஒரு வசனத்தில் எழுத்துப் பிழையைத் திருத்துகிறீர்கள். ஆடுபவருக்கு 900 எம்பி அப்டேட் போகிறது. ஏன்?

ஸ்டீம் ஒவ்வொரு கோப்பையும் சுமார் ஒரு எம்பி துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. புதிய பில்டை ஏற்றும்போது மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் எல்லாவற்றையும் ஒரே பெரிய பொதிக் கோப்பாகக் கட்டி, அதை முழுதாகச் சுருக்கியோ மறையாக்கம் செய்தோ வைத்தால், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பிறகு வரும் பைட்டுகள் எல்லாம் மாறிப்போகும். ஸ்டீமின் கண்ணுக்கு அது முற்றிலும் புதிய கோப்பு. ஒவ்வொரு பில்டிலும் பொருள்களின் வரிசை மாறினாலும், கோப்பு முழுக்க நேரமுத்திரைகளைத் தூவி வைத்தாலும் இதே கதிதான். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: பொதிக் கோப்பைப் புதுப்பிக்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்ட வேண்டியிருப்பதால், அத்தனை இடம் டிஸ்க்கில் காலியாக இருக்க வேண்டும். இடமில்லாதவருக்கு அப்டேட் நின்றுவிடும், விளையாட்டும் நின்றுவிடும்.

வழி எளிது. பொதிகளைக் கட்டம் வாரியாக, பகுதி வாரியாகப் பிரியுங்கள். அடிக்கடி மாறும் வசனங்களையும் அமைப்புகளையும் தனிச் சிறு கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சுருக்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள். புதிய பில்டை முதலில் சோதனைக் கிளையில் ஏற்றி, அப்டேட் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு வெளியிடுங்கள். இட்ச் தளத்தில் வெளியிடுகிறவர்கள் பிரவுசரில் ஜிப் கோப்பை ஏற்றுவதை விட்டுவிட்டு பட்லர் என்ற கருவியைப் பயன்படுத்தினால், மாறிய பகுதி மட்டும் போகும் வசதி அங்கேயும் கிடைக்கும்.

டெமோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் போன்ற விழாக்களில் ஏராளமான டெமோக்கள் ஒரே வாரத்தில் வருகின்றன. முன்பின் தெரியாதவர் நம்மைத் தேடி வரும் தருணம் அதுதான். பலர் முழு விளையாட்டையும் பில்ட் எடுத்து, முதல் கட்டத்துக்குப் பின்னால் பூட்டுப் போட்டு டெமோ என்று வெளியிடுகிறார்கள். இருபது நிமிட டெமோவுக்கு 5 ஜிபி. பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மீதிக் கதையைத் தோண்டி எடுத்து வெளியிடவும் ஆட்கள் உண்டு. டெமோவில் ஆடக் கிடைக்கிற அளவுக்கே அதன் எடையும் இருக்க வேண்டும். 1993-இல் டூம் செய்ததும் அதைத்தான்.

சிறிதாகச் செய்தால் சாதாரணமாகத்தான் இருக்கும் என்று யாராவது நினைத்தால், இரண்டு படைப்புகளைக் காட்டுவேன். 2004-இல் ஜப்பானின் டைசுகே அமாயா ஐந்து வருடம் தனியாக உழைத்து 'கேவ் ஸ்டோரி' விளையாட்டை இலவசமாக வெளியிட்டார். இசையைப் பதிவு செய்த ஒலியாக வைக்காமல், எந்தச் சுரம் எப்போது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பாகவே வைத்தார். அதற்கான கருவியையும் அவரே எழுதினார். ஆடுபவரின் கணினிதான் அந்தக் குறிப்பைப் படித்து இசையை எழுப்பியது. முழு விளையாட்டும் சில எம்பிக்குள் அடங்கியது. இன்றும் அந்தப் பாடல்களை முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இருபது வருடம் கழித்து, 2024 மே மாதத்தில் 'அனிமல் வெல்' வந்தது. பில்லி பாசோ என்ற ஒருவர் சொந்தமாக என்ஜின் எழுதி, ஏழு வருடம் போலச் செலவழித்துச் செய்த விளையாட்டு. இருளும் நீரும் ஒளியும் திரையில் அசைகிற அழகைப் பார்த்தால் பல ஜிபி என்று தோன்றும். இறக்கிப் பார்த்தால் சுமார் 35 எம்பி. படங்களைச் சிறு பிக்சல்களாக வரைந்து, அந்த ஒளியையும் நீரையும் ஆடும் நேரத்திலேயே கணக்கிட்டுக் காட்டுகிறார். விளையாட்டின் தோற்றமும் அதன் அளவும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

எல்லோரும் என்ஜின் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சுருக்கு, எல்லாவற்றையும் வெட்டு என்பதும் என் கட்சி அல்ல. 2017-இல் வந்த 'கப்ஹெட்' விளையாட்டில் ஒவ்வோர் அசைவையும் காகிதத்தில் கையால் வரைந்தார்கள். அந்த ஓவியங்கள்தான் அந்த விளையாட்டு. அங்கே எடை இருக்கத்தான் வேண்டும். உங்கள் விளையாட்டுக்குக் குரல் நடிப்பு உயிர் என்றால் அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். பதிலுக்கு, யாரும் உற்றுப் பார்க்காத பாறையின் படத்திலிருந்து அந்த இடத்தை எடுங்கள். உழைப்பையும் அன்பையும் எங்கே கொட்டினீர்களோ அங்கே எடை இருக்கட்டும். கவனக்குறைவால் சேர்ந்த எடை மட்டும் போகட்டும்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? மாதச் சம்பளத்தை வாடகைக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று முதல் தேதியே பிரித்து வைப்பதைப் போல எம்பியைப் பிரித்து வையுங்கள். ஓர் இருபரிமாண விளையாட்டுக்கு 300 எம்பி என்று முடிவு செய்தால், என்ஜினுக்கு 60, படங்களுக்கு 150, இசைக்கு 40, மற்ற ஒலிகளுக்கு 30, எதிர்பாராததற்கு 20. இந்தக் கணக்கை ஓவியருக்கும் இசையமைப்பாளருக்கும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல கலைஞருக்கு எல்லை தெரிந்தால் அதற்குள் புதுவழி காண்பார். வேலை முடிந்த பிறகு வெட்டச் சொன்னால்தான் மனம் உடையும்.

வாரம் ஒருமுறை பில்ட் எடுத்து அளவைக் குறித்து வையுங்கள். போன வாரத்தைவிட 80 எம்பி கூடியிருந்தால் காரணம் இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எளிதாகச் சரி செய்துவிடலாம். ஒரு வருடம் கழித்துத் தேடினால் யாருக்கும் நினைவிருக்காது. பாட்டுத் தொகுப்பு, ஓவியப் புத்தகம், கூடுதல் மொழிகளின் குரல் ஆகியவற்றை விருப்பமுள்ளவர் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி தனியாக வையுங்கள். ஸ்டீமில் மொழிவாரியாகப் பிரிக்க வசதி இருக்கிறது. கடைப் பக்கத்தில் தேவையான டிஸ்க் இடத்தைக் குறிப்பிடும் இடத்தில் உண்மையான எண்ணை எழுதுங்கள். வெளியிடும் முன் ஒருமுறை, உங்கள் அலுவலகத்தின் வேகமான இணைப்பை விட்டுவிட்டு, ஒரு சாதாரண போனின் ஹாட்ஸ்பாட்டில், பழைய லேப்டாப்பில், முன்பின் தெரியாத ஒருவரைப் போல உங்கள் விளையாட்டை நீங்களே இறக்கிப் பாருங்கள். பதிவிறக்கக் கோடு நகர்வதைக் கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். எதை நீக்க வேண்டும் என்று அதன் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

நண்பர்களே, சிறு குழுவிடம் பணம் இல்லை, விளம்பரம் இல்லை, புகழ் இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்களிடம் அரிதாகிப்போன ஒன்று நம்மிடம் உண்டு: விளையாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் எதற்காக இருக்கிறது என்று நமக்குத் தெரியும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ள முடியும். ஐந்நூறு பேர் சேர்ந்து செய்யும் இடத்தில் அது நடவாத காரியம். ஐந்து பேர் செய்யும் இடத்தில் அது ஒரு மாலை நேர வேலை. இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களை மிஞ்ச முடியும், மிஞ்ச வேண்டும்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் இப்போது ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அறிகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வடிவமைப்பு ஆவணத்தின் முதல் பக்கத்தில் விளையாட்டின் பெயரை எழுதியிருப்பீர்கள். அதற்குக் கீழே, இது இத்தனை எம்பிக்குள் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்து, குழுவில் உள்ள எல்லோரும் அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரியைக் காப்பாற்றினால், நீங்கள் ஒருபோதும் சந்திக்கப் போகாத எத்தனையோ பேர் உங்கள் விளையாட்டை ஆடியிருப்பார்கள்.